ஆனையூர் மாடியில் ஒரு வரி: விளக்கவுரை

உரைக்கு எடுத்துக்கொண்ட மூலம் ஒரே வரிதான்.

$ஜிபிஜிஜிஏ,150412.00,0957.6214,என்,07806.4127,இ,1,07,1.6,158.3,எம்,-93.2,எம்,,*46

பாட்டும் இல்லை, சூத்திரமும் இல்லை. செயற்கைக்கோளைக் கேட்டு இடம் சொல்லும் ரிசீவர்கள் பெரும்பாலும் நொடிக்கு ஒன்றாக இப்படியொரு வரியைக் கக்கிக்கொண்டே இருக்கும். கையில் இருக்கிற போனுக்குள்ளும் இதே கதைதான். ஆட்டோ ஆப் அதை நமக்குக் காட்டாமல் ஒரு நீலப் புள்ளியாக மாற்றி வரைபடத்தில் ஒட்டிவிடுகிறது. கப்பலில் இருக்கும் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக அமெரிக்காவின் கடல்சார் மின்னணுச் சங்கம் 1983-ல் வகுத்த இலக்கணம் இது. கப்பலை விட்டு இறங்கி டிராக்டர், டிரோன், சர்வே கருவி என்று எல்லாவற்றிலும் ஏறிக்கொண்டது.

ரோமன் எழுத்தில் வருகிறதை ஒலிப்பு மாற்றாமல் தமிழில் எழுதியிருக்கிறேன். வரி மாதிரிக்காக நான் அமைத்தது. இடம் மதுரைக்கு வடக்கே, கூடல் நகர் ரயில் நிலையம் தாண்டி வரும் ஆனையூரில் ஒரு மொட்டை மாடி. காலம் சூரியன் உச்சத்தில் இருக்கும் ஓர் ஆண்டின் மார்ச் மாதக் கடைசி, ஒரு மாலை. அந்த இடத்துக்கும் பொழுதுக்கும் பொருந்தும்படி எண்களை வைத்திருக்கிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கிருந்து கிளம்பும் சிக்னல் பாதையின் பெரும்பகுதியைத் தொல்லை இல்லாமல் கடந்து, கடைசி ஆயிரம் கிலோமீட்டரில் எலெக்ட்ரான்கள் அப்பிக்கிடக்கும் அயன மண்டலத்துக்குள் நுழைகிறது. அங்கே தாமதமாகிறது, சில மாலைகளில் சிதறிப்போகிறது. மேலே உள்ள வரியில் அயன மண்டலத்துக்கென்று ஒரு புலம்கூடக் கிடையாது. வானம் அமைதியாக இருந்தாலும் கொந்தளித்தாலும் வரியின் முகம் ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் இதற்கு உரை வேண்டியிருக்கிறது.

ஜிபிஜிஜிஏ

முதல் இரண்டு எழுத்து, பேசுவது யார் என்பது. ஜிபி என்றால் அமெரிக்காவின் ஜிபிஎஸ் மட்டும். பல நாட்டுக் கோள்களையும் கலந்து கணக்குப் போட்டிருந்தால் ஜிஎன் என்று வரும். நம் நாட்டின் நாவிக் கோள்கள் தனித்துப் பேசினால் ஜிஐ. பின்னால் உள்ள மூன்று எழுத்து, இது இடமும் உயரமும் சொல்லும் வகை வாக்கியம் என்பதற்கு அடையாளம். இதில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

150412.00

15 மணி 4 நிமிடம் 12 நொடி. இது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்டினால் இந்திய நேரம் இரவு 8:34. மதுரையின் சொந்தச் சூரியனைக் கேட்டால் அதிலும் 18 நிமிடம் குறைக்க வேண்டும். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்தது, மதுரை 78.1-ல் இருக்கிறது. ஆக உள்ளூர்ப் பொழுது எட்டேகால். மூலத்தில் கனமான சொல் இதுதான் என்பேன். மற்றவை எல்லாம் இதைச் சார்ந்தே பொருள் தருகின்றன.

மார்ச் கடைசியில் மதுரையில் பொழுது சாய்வது ஆறரை மணியை ஒட்டி. ஆனால் அது தரையில் நிற்பவனுக்கு. 100 கிலோமீட்டர் உயரத்தில் சூரியன் இன்னும் 40 நிமிடம் தெரியும். 300 கிலோமீட்டரில் ஒரு மணி நேரத்துக்கும் மேலே தெரியும். வானம் கீழிருந்து மேலாக இருட்டுகிறது. கீழ் அடுக்கில், அதாவது 100 கிலோமீட்டரை ஒட்டி இருப்பவை மூலக்கூறு அயனிகள். வெளிச்சம் போனதும் எலெக்ட்ரான்களோடு சட்டென்று சேர்ந்து மறைந்துவிடும். 300 கிலோமீட்டரில் இருப்பது பெரும்பாலும் ஆக்சிஜன் அணுவின் அயனி. அது லேசில் கரையாது, இரவெல்லாம் தாக்குப்பிடிக்கும். எனவே மாலை ஏழு மணிவாக்கில் மேலே அடர்த்தியான அடுக்கு, அதற்குக் கீழே ஏறக்குறைய வெறுமை என்ற நிலை வந்துவிடுகிறது.

இதே நேரத்தில் இன்னொன்றும் நடக்கிறது. பகலெல்லாம் கிழக்கு நோக்கியிருந்த மின்புலம் இரவில் மேற்கே திரும்ப வேண்டும். திரும்புவதற்குச் சற்று முன், அணையும் விளக்குபோல, கிழக்கு நோக்கி ஒருமுறை ஓங்கி எழுகிறது. காந்தக் கோடுகள் தரைக்குக் கிடையாக ஓடும் இந்தப் பகுதியில் கிழக்கு நோக்கிய மின்புலம் என்றால் பிளாஸ்மாவுக்கு மேல்நோக்கிய தள்ளு. மேலடுக்கு இன்னும் உயரே போகிறது. உயரே போகப் போக மோதுவதற்கு அங்கே காற்று குறைவு, தடுமாற்றம் எளிதாகிறது. கனமானது மேலும் லேசானது கீழுமாக இருக்கும் எந்த ஏற்பாடும் நிலைக்காது. அடியில் ஒரு சிறு நெளிவு விழுந்தால் போதும், எலெக்ட்ரான் குறைந்த பகுதி குமிழியாகத் திரண்டு அடர்ந்த அடுக்கைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறும். பிளாஸ்மா குமிழி என்கிறார்கள். உள்ளே எலெக்ட்ரான் அடர்த்தி பத்தில் ஒரு பங்காகலாம், நூறில் ஒரு பங்காகலாம், சில வேளை ஆயிரத்தில் ஒன்றாகவும் இறங்கும். உச்சி 1,000 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. பிறந்த குமிழி நின்ற இடத்தில் நிற்காது. நொடிக்கு 100 மீட்டர் அளவிலான வேகத்தில் கிழக்கே நகரும். நள்ளிரவை நெருங்க நெருங்கத் தளர்ந்துவிடும்.

மார்ச் என்று ஏன் குறிப்பாகச் சொன்னேன் என்பதும் இங்கேயே வருகிறது. சம இரவு நாட்களை ஒட்டி மாலைக்கோடு, அதாவது பகலையும் இரவையும் பிரிக்கும் எல்லை, நேர் வடக்கு-தெற்காக ஓடுகிறது. இந்தியாவில் காந்தக் கோடுகளும் ஏறக்குறைய நேர் வடக்கு-தெற்கு. காந்த ஊசி உண்மை வடக்கிலிருந்து விலகும் அளவு நம் பக்கம் மிகக் குறைவு. இரண்டும் ஒத்துப்போவதால் ஒரு காந்தக் கோட்டின் இரு முனைகளும் ஒரே சமயத்தில் இருளுக்குள் போகின்றன. அப்போதுதான் அந்தக் கடைசி ஓங்கல் பலமாக இருக்கும். ஆகவே மார்ச், ஏப்ரல். பிறகு செப்டம்பர், அக்டோபர். பிரேசிலில் காந்த ஊசி மேற்கே 20 பாகை அளவுக்கு விலகுவதால் அங்கே குமிழிப் பருவம் டிசம்பரை ஒட்டி வருகிறது. ஒரே பூமி, ஒரே சூரியன், பருவம் வேறு.

சூரியன் உச்சத்தில் இருக்கும் ஆண்டு என்றேன். இப்போது நடக்கிற 25-ஆம் சூரியச் சுழற்சி 2024-ல் உச்சத்தைத் தொட்டது. உச்ச காலத்தில் புறஊதா வெளிச்சம் கூடி எலெக்ட்ரான்கள் பெருகும், அடுக்கு உயரும், குமிழியும் பெருகும். ஆனால் "சூரியப் புயல் அடித்தால் குமிழி வரும்" என்று எழுதுகிற செய்திக் கட்டுரைகளை நம்ப வேண்டாம். 2024 மே 10-ஆம் தேதி இரவு, 2003-க்குப் பிறகு முதல் முறையாக உச்ச நிலையான ஜி5 காந்தப் புயல் வந்தது. அமெரிக்காவின் மக்காச்சோள வயல்களில் சென்டிமீட்டர் கணக்கில் ஓட வேண்டிய டிராக்டர்கள் வழி தெரியாமல் நின்றன. லடாக்கின் ஹன்லேயில் வானம் சிவந்தது. நம் பகுதியிலோ புயல் எந்த மணிக்கு அடிக்கிறது என்பதைப் பொறுத்தது. மாலை மின்புலத்தை அது தூக்கியும் விடலாம், அடியோடு அமுக்கியும் விடலாம். அமைதியான நாளில் குமிழி வந்து, புயல் நாளில் வராமல் போவது இங்கே புதிதல்ல.

0957.6214,என்,07806.4127,இ

9 பாகை 57.6214 கலை வடக்கு. 78 பாகை 6.4127 கலை கிழக்கு. முதலில் தசம இலக்கங்களைப் பார்த்துவிடலாம். ஒரு கலை 1,852 மீட்டர். அப்படியானால் நான்காவது தசம இடம் 18 சென்டிமீட்டர். ஆனையூர் மாடியில் எந்த ஓட்டின் மேல் ரிசீவர் இருக்கிறது என்றே சொல்லிவிடுகிற தோரணை. ஒற்றை அலைவரிசை ரிசீவருக்கு நல்ல நாளிலேயே சில மீட்டர் பிசகும். அச்சடிக்க இடம் இருக்கிறது, அச்சடிக்கிறது, அவ்வளவுதான்.

உண்மையில் கவனிக்க வேண்டியது அந்த 9 பாகை. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டி ஓடுகிறது. ராக்கெட் ஏவ விக்ரம் சாராபாய் குழு தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இந்தக் கோடுதான். 1963 நவம்பர் 21-ல் அங்கிருந்து கிளம்பிய முதல் ராக்கெட்டான நைக்-அப்பாச்சி சுமந்து போனதும் மேல் வளிமண்டலத்தை ஆராயும் சோடியம் ஆவியைத்தான். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பதற்கும் அதே காரணம். சிற்பத்துக்காகக் கிருஷ்ணாபுரம் போகிறவர்கள் பலர். காந்தத்துக்காகப் போகிறவர்கள் இந்த ஆய்வாளர்கள்.

மதுரைக்கு மேற்கே கொடைக்கானல் இன்னும் பழைய சாட்சி. 1899-ல் தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடம். சூரியப் புள்ளியில் வாயு வெளிநோக்கி ஓடுவதை 1909-ல் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது அங்கேதான். 1950-களில் அயன மண்டலத்தை நோக்கிச் செங்குத்தாக வானொலித் துடிப்பு அனுப்பி எதிரொலியைப் பதிவு செய்யும் அயனோசோண்டும் அங்கே வேலை செய்தது. அமைதியான பொழுதில் எதிரொலி பிலிமில் மெல்லிய கோடாக விழும். தடுமாற்றம் இருந்தால் கோடு அப்பிப் பரவிவிடும். இந்த அப்பலை முதன்முதலில் விவரித்தவர்கள் புக்கரும் வெல்ஸும், 1938-ல், பெரு நாட்டின் உவான்காயோவில் எடுத்த பதிவுகளை வைத்து. உவான்காயோவும் காந்த நடுக்கோட்டு ஊர்தான். ஆக ஜிபிஎஸ் பிறப்பதற்கு நெடுநாள் முன்பே இந்தத் தொல்லைக்குப் பதிவு இருக்கிறது. அன்றைக்கு அது சிற்றலை வானொலிக்காரர்களின் கவலை.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. குமிழி பிறப்பது நம் தலைக்கு மேலே. அடி பலமாக விழுவது வடக்கே. பகலில் காந்த நடுக்கோட்டின் மேல் உயர்த்தப்படும் பிளாஸ்மா அங்கேயே தங்காது. காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு இருபுறமும் சரிந்து, காந்த அட்சம் 15 பாகையை ஒட்டிப் போய்க் குவிகிறது. இந்தியாவில் அந்தக் குவியல் அகமதாபாத், போபால், கொல்கத்தா வழியாகப் போகும் பட்டை. தென் தமிழ்நாடு நடுவிலுள்ள பள்ளம். இரவில் குமிழி மேலே எழும்போது அதன் இரு கால்களும் காந்தக் கோடு வழியே அந்தக் குவியலுக்குள் இறங்குகின்றன. சிதறல் எவ்வளவு கடுமை என்பது குமிழியின் ஓரத்தில் அடர்த்தி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. அடர்த்தி மிகுந்த குவியலில் அந்த ஏற்ற இறக்கம் பெரிது. ஜிபிஎஸ் அலைவரிசையில் கொல்கத்தாவும் போபாலும் படுகிற பாடு மதுரைக்கு அந்த அளவுக்கு வருவதில்லை. நமக்குக் குமிழியின் வயிறு, அவர்களுக்கு அதன் கால்.

1

ஒற்றை இலக்கம், சர்வேயர்கள் கண் முதலில் போவது இங்கேதான். 0 என்றால் இடம் கிடைக்கவில்லை. 1 என்றால் கோள்களை மட்டும் நம்பிய சாதாரணக் கணக்கு. ககன் போன்ற திருத்தச் சேவை சேர்ந்திருந்தால் 2. அருகில் ஒரு நிலையான ரிசீவரை (பேஸ்) வைத்து, அதோடு ஒப்பிட்டு நகரும் ரிசீவர் (ரோவர்) சென்டிமீட்டரில் இடம் சொன்னால் 4. அந்த ஒப்பீடு முடிவாகாமல் ஊசலாடினால் 5.

நான்கும் ஐந்தும்தான் களத்துப் பேச்சு. "ஃபிக்ஸ் விழுந்துருச்சு" என்றால் 4. "ஃப்ளோட்லயே நிக்குது சார்" என்றால் 5. மார்ச் வெயிலில் மதுரையில் பகல் முழுக்கக் கம்பைப் பிடித்து நிற்க யாருக்கும் உடம்பு தாங்காது. லே-அவுட் கல் ஊன்றும் வேலையில் பாதியை மாலைக்குத் தள்ளுவார்கள். வெளிச்சம் போன பிறகும் செல்போன் டார்ச்சில் நாலு கல் முடித்துவிட்டுப் போகலாம் என்று நிற்பார்கள். வெயிலுக்குத் தப்பி வந்து நிற்கிற நேரம் சரியாகக் குமிழி எழும் நேரம். கல்லின் மேல் கம்பு நிற்கிறது, குமிழ் மட்டம் நடுவில் இருக்கிறது, கையிலுள்ள கன்ட்ரோலரில் 4 என்று வந்து, கல்லுக்கு எண் கொடுப்பதற்குள் 5 ஆகிறது, மறுபடி 4, மறுபடி 5. கம்பு பிடிக்கிற பையனை ஆடாதே என்று திட்டுவார்கள். அவன் ஆடியிருக்க மாட்டான்.

உள்ளே நடப்பது இது. சென்டிமீட்டர் கணக்கு வருவது சிக்னலில் ஏற்றியிருக்கும் குறியீட்டிலிருந்து அல்ல. அதைச் சுமந்து வரும் அலையை எண்ணுவதிலிருந்து. ஓர் அலையின் நீளம் 19 சென்டிமீட்டர். எண்ணிக்கை அறுபடாமல் ஓட வேண்டும். சிக்னல் ஒரு கணம் அமுங்கினால் எண்ணும் சுற்று வழுக்கி, ஒன்றிரண்டு அலை தவறிப்போகும். திரும்ப முதலிலிருந்து எண்ண வேண்டும்.

07,1.6

கணக்கில் சேர்ந்த கோள்கள் ஏழு. திறந்த மாடியில் ஜிபிஎஸ் மட்டுமே எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தெரியலாம். குறைந்தது எங்கே என்று கேட்க வேண்டும். கட்டடமும் மரமும் மறைக்காத மாடியில், இரவு எட்டரைக்கு, மார்ச் மாதத்தில் இரண்டு கோள் உதிர்ந்தால் குமிழியைச் சந்தேகிக்க நியாயம் உண்டு.

குமிழியின் உள்ளும் ஓரமும் கந்தலாக இருக்கும். அதில் சில நூறு மீட்டர் அளவுள்ள முரடுகள்தாம் ஜிபிஎஸ்ஸின் எதிரி. 350 கிலோமீட்டர் உயரமும் 19 சென்டிமீட்டர் அலையும் சேர்ந்தால் கெடுதல் செய்யும் அளவு அதுவாக வருகிறது. அந்த முரட்டைக் கடந்து வரும் அலை பல துண்டாகி, தரையில் சில இடத்தில் கூடியும் சில இடத்தில் கழிந்தும் விழுகிறது. குமிழி கிழக்கே நகர, அந்தக் கோலமும் தரையில் நகர்கிறது. அசையாமல் நிற்கும் ஆன்டெனாவுக்குச் சிக்னல் நொடிக்கு நொடி ஏறி இறங்குவதாகத் தெரியும். மினுக்கம் என்று சொல்லலாம். கடுமையான மினுக்கத்தில் 20 டெசிபெல் வரை சரிவு வரும். அதாவது வலு நூறில் ஒரு பங்கு. ரிசீவர் பிடியை விட்டுவிடும். எந்த அளவு மினுக்கம் என்பதற்கு எஸ்4 என்றொரு எண் வைத்திருக்கிறார்கள்: வலுவின் ஏற்ற இறக்கத்தைச் சராசரி வலுவால் வகுத்தது. இந்த எண் நம் மூலத்தில் இல்லை.

அடுத்துள்ள 1.6, கோள்கள் வானத்தில் எப்படி விரிந்து நிற்கின்றன என்பதன் அளவு. குறைவாக இருந்தால் நல்லது. பலரும் இதைத் துல்லியத்தின் அளவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பயிற்சிக் கையேடுகளிலேயே அப்படி எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கோள்கள் நாற்புறமும் நன்றாகப் பரவியிருந்து, ஒவ்வொரு சிக்னலும் பத்து மீட்டர் பொய் சொன்னாலும் இது 1 என்றே வரும். திசை மட்டும் தெரிந்த எண். பாதையில் என்ன நடந்தது என்று இதற்குத் தெரியாது.

158.3,எம்

கடல்மட்டத்துக்கு மேல் 158.3 மீட்டர். மதுரை விமான நிலையத்தின் உயரமே 140 மீட்டர் அளவுதான். இரண்டு மாடி வீட்டைக் கூட்டினாலும் ஆனையூருக்கு இது அதிகம். ஏன் அதிகம் என்பதில் அயன மண்டலத்தின் இன்னொரு முகம் தெரிகிறது. முதல் முகம் மினுக்கம், இது தாமதம். மினுக்கம் சில மாலைகளில் வருவது, தாமதம் எல்லா நாளும் இருப்பது.

ஒரு சதுர மீட்டர் அடியுள்ள தூணைக் கோள் வரை எழுப்பி, அதற்குள் உள்ள எலெக்ட்ரான்களை எண்ணுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குப் பின் 16 சுழி போட்ட எண்ணிக்கை ஓர் அலகு. ஜிபிஎஸ்ஸின் எல்1 அலைவரிசையான 1575.42 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலகுக்கு 16 சென்டிமீட்டர் தாமதம். சூரிய உச்சத்தில் இந்தியாவின் மேல் 100 அலகு வரை போகும். அப்படியானால் தலைக்கு நேர் மேலே உள்ள கோளுக்கே 16 மீட்டர். அடிவானத்தை ஒட்டியிருக்கும் கோளின் சிக்னல் சாய்வாக, நீண்ட வழியில் வருவதால் அதற்கு ஏறக்குறைய மூன்று மடங்கு.

எல்லாக் கோளுக்கும் ஒரே அளவு தாமதம் இருந்திருந்தால் கவலையே இல்லை. ரிசீவர் தன் கடிகாரம் பிந்துகிறது என்று எடுத்துக்கொண்டு மொத்தத்தையும் அங்கே தள்ளிவிடும். தாழ்ந்த கோளுக்கு அதிகம், உயர்ந்த கோளுக்குக் குறைவு என்று இருப்பதால்தான் சிக்கல். கடிகாரம் விழுங்கியது போக மிச்சம், தலைக்கு மேல் உள்ள கோள் ஒப்பீட்டளவில் அருகில் இருப்பதுபோல் காட்டுகிறது. மேலே உள்ளது அருகில் இருக்க வேண்டுமானால் நாம் உயரத்தில் இருக்க வேண்டும். ரிசீவர் நம்மைத் தூக்கி வைத்துவிடுகிறது. திருத்தாத தாமதம் பக்கவாட்டைவிட உயரத்தைத்தான் அதிகம் கெடுக்கும்.

திருத்தம் இல்லாமலும் இல்லை. ஒவ்வொரு ஜிபிஎஸ் கோளும் தன் செய்தியோடு எட்டு எண்களை அனுப்புகிறது. ஜான் குளோபுச்சார் என்ற அமெரிக்கர் வகுத்த முறை. உலகத்து அயன மண்டலம் முழுவதையும் எட்டு எண்ணில் அடக்குவது என்றால் எவ்வளவு துணிச்சல்! 350 கிலோமீட்டரில் ஒரு மெல்லிய ஓடு இருப்பதாகப் பாவிக்க வேண்டும். உள்ளூர் நேரம் மதியம் 2 மணிக்குத் தாமதம் உச்சம், அதற்கு இருபுறமும் வளைந்து இறங்கும். இரவில் எங்கும் எப்போதும் 5 நானோநொடி, அதாவது ஒன்றரை மீட்டர். அன்றைய ரிசீவரின் சின்ன மூளைக்காகச் சிக்கனமாகச் செய்தது. பிழையில் ஏறக்குறைய பாதியைக் களையும் என்பதே அவர் சொன்ன இலக்கு. அதைச் செய்கிறது. ஆனால் அந்த வழவழப்பான வளைவுக்குக் குவியலும் தெரியாது, பள்ளமும் தெரியாது, எட்டேகாலுக்கு மேலே ஏறிக்கொண்டிருக்கும் குமிழியும் தெரியாது.

-93.2,எம்

இது அயன மண்டலத்தைச் சேர்ந்ததல்ல. கணக்குக்காக வைத்துக்கொண்ட வழவழப்பான பூமிக்கும் உண்மைக் கடல்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இது உலகிலேயே ஆழமான பள்ளம், 100 மீட்டருக்கும் மேல். மதுரை அதன் சரிவில் இருக்கிறது. ரிசீவர் தன் அட்டவணையில் பார்த்து எழுதிவிடும்.

,,

இரண்டு காற்புள்ளிக்கு நடுவே ஒன்றும் இல்லை. அடுத்தும் ஒன்றும் இல்லை. திருத்தச் செய்தி வந்து எத்தனை நொடி ஆயிற்று, எந்த நிலையம் அனுப்பியது என்று எழுத வேண்டிய இடம். காலியாக இருக்கிறது என்றால் இந்த மாடிக்கு யாரும் கைகொடுக்கவில்லை. கொடுப்பதற்கு ஆள் இருந்தார்கள் என்பதால் இந்த வெற்றிடத்துக்கு உரை தேவை.

முதலாவது ககன். இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து கட்டியது. திருவனந்தபுரத்திலிருந்து ஜம்மு வரை, போர்பந்தரிலிருந்து போர்ட் பிளேர் வரை 15 நிலையங்கள் எப்போதும் வானத்தை அளந்துகொண்டிருக்கின்றன. அந்த அளவுகளிலிருந்து 5 பாகைக்கு 5 பாகை கட்டமாகத் தாமத அட்டவணை போட்டு, ஜிசாட்-8, ஜிசாட்-10, ஜிசாட்-15 வழியாக நாடெங்கும் ஒலிபரப்புகிறார்கள். இதே வகைச் சேவையை அமெரிக்கா முன்னமே நடத்தியது. அந்த நாட்டின் அமைதியான வானத்துக்குப் போட்ட கணக்கை இங்கே அப்படியே இறக்கினால் ஓடாது. ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் அங்கே சிறிது வித்தியாசம், இங்கே மலையும் மடுவும். அதனால் இந்திய வானத்துக்கென்று பல ஓடுகளை அடுக்கிப் பார்க்கும் தனிக் கணக்கு முறையை இஸ்ரோ உருவாக்க வேண்டியிருந்தது. 2013 டிசம்பரில் வழிப்பயணத்துக்கும், 2015 ஏப்ரலில் உயர வழிகாட்டலோடு தரையிறங்குவதற்கும் அனுமதி கிடைத்தது. 2022 ஏப்ரல் 28-ல் ராஜஸ்தானின் கிஷன்கர் விமான நிலையத்தில் இண்டிகோ விமானம் ஒன்று ககனை வைத்துத் தரையிறங்கிக் காட்டியது.

ககனிடம் எனக்குப் பிடித்தது அதன் கூச்சம். ஒவ்வொரு கட்டத்துக்கும் தாமதம் எவ்வளவு என்பதோடு, அந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்பதையும் கூடவே அனுப்புகிறது. வானம் கலங்கினால் நம்பகத்தைத் தானே குறைத்துச் சொல்லும். எல்லை மீறினால் விமானத்துக் கருவி "இப்போது என்னை நம்பி இறங்காதே" என்று கொடியைத் தூக்கிவிடும். 2003 அக்டோபர் கடைசியில் வந்த புயலில் அமெரிக்கச் சேவையும் இப்படித்தான் மணிக்கணக்கில் உயர வழிகாட்டலை மறுத்தது. நம் மூலத்து வரிக்கு அந்தக் கூச்சம் இல்லை.

இரண்டாவது வழி, ரிசீவரே இரண்டு அலைவரிசையைக் கேட்பது. தாமதம் அதிர்வெண்ணின் இருமடிக்கு எதிர்விகிதம். நாவிக் தொடக்கத்திலிருந்தே இரண்டைக் கொண்டு வந்தது: எல்5-ல் 1176.45 மெகாஹெர்ட்ஸ், எஸ் பட்டையில் 2492.028 மெகாஹெர்ட்ஸ். ஓர் அலகு எலெக்ட்ரானுக்கு முதலாவதில் 29 சென்டிமீட்டர், இரண்டாவதில் 6.5 சென்டிமீட்டர். இரண்டும் எவ்வளவு முன்பின்னாக வந்தன என்று பார்த்தால் நடுவில் எத்தனை எலெக்ட்ரான் என்று தெரிந்துவிடும். யாரையும் கேட்க வேண்டியதில்லை. இப்போதைய பல போன்கள் எல்1-ஓடு எல்5-ஐயும் கேட்கின்றன. தாமதத்துக்கு இது தீர்வு. மினுக்கத்துக்கு இல்லை. குறைந்த அதிர்வெண்ணைத்தான் குமிழி முதலில் தாக்கும். இரண்டில் ஒன்று அறுந்தால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

இன்னொரு பக்கம் நியாயமும் சொல்ல வேண்டும். மாலையில் ஆப் உங்களைப் பக்கத்துத் தெருவில் காட்டினால் உடனே குமிழியைக் குற்றம் சொல்லக் கூடாது. மதுரைச் செல்லூர்ச் சந்துகளில் சுவருக்குச் சுவர் மோதி வரும் சிக்னல்தான் பெரும்பாலும் காரணம்.

*46

நட்சத்திரக் குறிக்குப் பின்னால் வருவது சரிபார்ப்பு எண். டாலர் குறிக்கும் நட்சத்திரக் குறிக்கும் இடைப்பட்ட எழுத்து ஒவ்வொன்றின் ரோமன் குறி எண்ணையும் இரும எண்ணாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒப்பிட்டுக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது. பென்சிலும் காகிதமும் கொண்டு போட்டுப் பார்த்தேன், 46 வருகிறது. வரி கம்பியில் வரும்போது ஒரு எழுத்துகூடக் கெடவில்லை என்பதற்கு அது உறுதி. வானத்தில் வரும்போது கெட்டதைப் பற்றி அதற்குப் பேச்சில்லை, 158.3 தவறானாலும் 46 சரி.

கெட்டதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் ரிசீவரில் இன்னொரு வகை வரியையும் திறந்து விட வேண்டும். ஜிஎஸ்வி என்று பெயர். ஒவ்வொரு கோளும் எந்தத் திசையில், எந்த உயரத்தில், எவ்வளவு வலுவாகக் கேட்கிறது என்று அதில் வரும். தலைக்கு மேல் 60 பாகையில் நிற்கும் கோளின் வலு சில நொடிக்குள் 44-லிருந்து 26-க்கு விழுந்து மறுபடி ஏறினால் கவனிக்கலாம். அது குமிழியா, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியா என்று பிரிக்கவும் வழி இருக்கிறது. ஜிபிஎஸ் கோள்கள் 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை வானத்தில் அதே இடத்துக்குத் திரும்புகின்றன. தொட்டி செய்த சரிவு நாளைக்கு 4 நிமிடம் முன்னதாக, அதே கோளுக்கு, அதே திசையில் வரும். மறுநாளும் இன்னொரு 4 நிமிடம் முன்னதாக வரும். குமிழி செய்தது அப்படி வராது.